சிற்றந்துகளை வரிசைப்படுத்திய பள்ளியாசிரியர் எட்வேட் மெயிரிக்

கல்லூரி விழாக்கொண்டாடுங் காலத்தில் அதன் பழைய ஆசிரியர்களை நினைவுகூர்தல் மரபு. அவர்கள் வகுப்பறையிற் கற்பித்தவற்றை மாணவர் நன்கறிவர். பள்ளி மணி ஓய்ந்தபின் தத்தம் இல்லங்களில் விளக்கின்கீழ் அமர்ந்து யாது செய்தனர் என்பதைப் பெரும்பாலும் அறியார். அவ்வாறு மணி ஓய்ந்தபின் எஞ்சிய பொழுதைக்கொண்டே உயிரினவுலகின் ஒரு பெரும் பகுதியை ஒழுங்குபடுத்திய பள்ளியாசிரியர் ஒருவரின் வரலாற்றை இம்மலரிற் கூற விழைகின்றோம். அவர் பெயர் எட்வேட் மெயிரிக். அவர் விஞ்ஞானம் கற்பித்தவரல்லர்; கிரேக்கமும் இலத்தீனும் கற்பித்த மொழியாசிரியர். ஆயினும் சிறிய அந்துப்பூச்சிகளின் பாகுபாட்டைப்பற்றிப் பேசப்புகும் எவரும் இன்றும் அவர் பெயரைக் கூறாது அப்பாற் செல்ல இயலாது. அவருடைய வெற்றி பெரிது. அவ்வெற்றிக்குள் ஒரு பிடிவாதமும் இருந்தது. இரண்டையும் ஒருங்கே நோக்குதல் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன்தருமென நம்புகின்றோம்.

முதலில் அந்துப்பூச்சிகளைப்பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். செதில்கள் போர்த்த சிறகுகளையுடைய பூச்சிகள் யாவும் ஒரே வருணத்துள் அடங்குவன. இவ்வருணத்தில் இதுவரை பெயரிடப்பெற்ற இனங்கள் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டவை. பகலிற் பறந்து நம் கண்ணைக் கவரும் வண்ணத்துப்பூச்சிகள் இத்தொகையில் ஒரு சிறு பங்கேயாம். எஞ்சியவை யாவும் அந்துப்பூச்சிகள். அவற்றுள்ளும் பல சிறகு விரித்தாலும் விரல் நகத்தளவைத் தாண்டாதவை. நெல்மணியின் உமிக்குள்ளிருந்து குடைந்து, களஞ்சியத்திற் புழுதிபோற் பறக்கும் பூச்சியை நம்முன்னோர் அந்து என்றே வழங்கினர். அத்தகைய சிறு பூச்சிகளே ஈண்டுச் சிற்றந்துகள் எனப்படுவன.

1758ஆம் ஆண்டிலே சுவீடன் நாட்டு அறிஞர் இலின்னேயசு விலங்கினங்களை வகுத்தபோது, வண்ணத்துப்பூச்சிகளை ஒரு சாதியாகவும், பருந்தந்துகளை மற்றொரு சாதியாகவும் கொண்டு, எஞ்சிய அந்துப்பூச்சிகளனைத்தையும் ஒரே சாதியில் அடக்கி, அதனை ஏழு பிரிவாக்கினார். அன்று அறியப்பட்டிருந்த பூச்சிகளுக்கு அப்பேழை போதியதாயிருந்தது. கப்பல்கள் உலகெங்குஞ் சென்று ஆயிரக்கணக்கிற் பூச்சிகளைக் கொணரத் தொடங்கிய பின்னர் அப்பேழை நிரம்பி வழிந்தது. பெரிய அந்துக்களை ஆராய்வார் பலர் தோன்றினர். சிற்றந்துகளையோ தொட்டவளவிற் செதில் உதிர்ந்துவிடும். ஊசியிற் குத்துவதே அரிது. ஒன்றினின்று ஒன்றை வேறுபிரித்தல் அதனினும் அரிது. ஆகவே அவற்றை நாடியோர் சிலரே.

மெயிரிக் 1854ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 25ஆந் தேதி இங்கிலாந்தின் வில்ற்சயர் மாகாணத்திலுள்ள றாம்சுபெரி என்னும் ஊரிற் பிறந்தார். மதகுருமாரை உடைய குடும்பம் அவருடையது. அயலூரான மாள்பரோவிலுள்ள கல்லூரியிற் பயின்றார். அக்கல்லூரியில் இயற்கையாராய்ச்சிக் கழகம் ஒன்று நன்கு நடைபெற்றுவந்தது. மாணவனாயிருந்த காலத்திலேயே மெயிரிக் தெருவிளக்கு, வேலி, மரம் என எதனையும் விடாது அந்துப்பூச்சிக்காகத் துருவித் தேடுபவர் எனப் பெயர்பெற்றிருந்தார். பின்னர் கேம்பிறிட்சுச் சருவகலாசாலையின் திரினித்திக் கல்லூரியிற் சேர்ந்து கிரேக்க இலத்தீன் இலக்கியங்களைக் கற்றுத் தேறினார். பூச்சியியலை அவர் எந்தச் சருவகலாசாலையிலும் பாடமாகக் கற்றாரல்லர். எனினும் 1875ஆம் ஆண்டிலே, இருபது வயதில், சிற்றந்துகளைப்பற்றிய அவருடைய குறிப்புகள் அச்சேறத் தொடங்கின.

1877ஆம் ஆண்டின் இறுதியில் அவர் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டு அவுத்திரேலியாவுக்குச் சென்றார். பரமற்றாவிலுள்ள அரசர் கல்லூரியிலும் சிட்னி இலக்கணக் கல்லூரியிலும் கற்பித்தார். இளைஞர் ஒருவர் பிழைப்பை நாடிக் கடல்கடந்து செல்வது அக்காலத்தில் வியப்பன்று. ஆனால் இவ்விளைஞர் சென்ற நிலமோ சிற்றந்துகளைப் பொறுத்தவரை எவரும் உழாத தரிசு நிலம். அங்குள்ள யூக்கலிப்டசுக் காடுகளின் அடியில் உலர்ந்த இலைகள் குவிந்து கிடக்கும். அவ்வுலர்ந்த இலைகளையே உணவாகக் கொள்ளும் சிற்றந்துகள் ஒரு குடும்பத்தில் மட்டும் ஆயிரக்கணக்கின. ஈக்கொபோரிடே எனப்படும் அக்குடும்பத்தைப் பகுதிபகுதியாக ஆராய்ந்து, நியூ சவுத் வேல்சு இலின்னேயக் கழகத்தின் வெளியீடுகளில் தொடர்ச்சியாக எழுதினார். நியூசிலாந்துக்குஞ் சென்று பூச்சிகளைத் திரட்டினார். ஏறக்குறைய பத்து ஆண்டுகளின் பின், 1886ஆம் ஆண்டின் இறுதியில் அவர் நாடு திரும்பியபோது, தென்கோளத்தின் சிற்றந்துகளை அவரளவு அறிந்தவர் உலகில் எவருமிலர்.

1887ஆம் ஆண்டு தாம் கற்ற மாள்பரோக் கல்லூரிக்கே மொழியாசிரியராக மீண்டார். 1914ஆம் ஆண்டில் ஓய்வுபெறும்வரை அங்கேயே கற்பித்தார். பழைய மாணவர் ஒருவர் ஆசிரியராகத் திரும்பிவந்து தம் வாழ்நாளைத் தம் கல்லூரிக்கு ஈதல் நம் நாட்டுக் கல்லூரிகளிலும் நாம் காண்பதே. அவருடைய வாழ்வில் வெளிப்பார்வைக்கு இதற்குமேல் நிகழ்ச்சியில்லை. பாடவேளை, ஒப்படைத் திருத்தம், பரீட்சை, விடுமுறை என ஆண்டுகள் சுழன்றன. அவற்றுக்கிடையேதான் மற்ற வேலை நடந்தது.

அவ்வேலையின் தன்மையை விளங்கிக்கொள்ளல் வேண்டும். பூச்சிகளைத் திரட்டுதல் ஒன்று, பாகுபடுத்துதல் வேறொன்று. நிறத்தையும் புள்ளியையும் கொண்டு பூச்சிகளை அடுக்கினால், உறவில்லாதவை ஒன்றுசேரும், உடன்பிறப்பாயவை பிரிந்துபோம். நிறம் வாழும் இடத்துக்கேற்ப எளிதில் மாறுவது. ஆகவே எளிதில் மாறாத ஓர் உறுப்பைத் தேடவேண்டும். சிறகின் செதில்களுக்கடியில் ஓடும் நரம்புகளே அத்தகைய உறுப்பென்பதை மெயிரிக்குக்கு முன்னரே செருமானிய அறிஞர் சிலர் கண்டிருந்தனர். மெயிரிக் செய்தது யாதெனில், அம்முறையைச் சிற்றந்துகளின் பெருந்தொகைமீது, ஒரு நாட்டளவில் நில்லாது உலகளவில், விடாது பொருத்திப் பார்த்ததேயாம்.

முன்சிறகின் நரம்புகளுக்கு 12 வரையும் பின்சிறகின் நரம்புகளுக்கு 8 வரையும் இலக்கமிடுவர். எந்த நரம்பு தனித்து ஓடுகிறது, எவ்விரு நரம்புகள் ஒரே காம்பினின்று கிளைக்கின்றன, எது முற்றாக மறைந்துவிட்டது என்பவற்றை ஆராய்ந்தால் குடும்பமும் சாதியும் துலங்கும். உதாரணமாக, முன்னர்க் கூறிய நெல் அந்து அடங்கும் கெலெக்கியிடே குடும்பத்தில், முன்சிறகின் 7ஆம் 8ஆம் நரம்புகள் பெரும்பாலும் ஒரு காம்பினின்று பிரிவன. பின்சிறகின் நுனி கூர்ந்து, அதன்கீழ் விளிம்பு சற்றே உட்குழிந்திருக்கும். இவற்றோடு வாயருகிலுள்ள பரிசவுறுப்புகள், உணர்கொம்புகள், தலைச்செதில்கள் ஆகியவற்றையும் சேர்த்து நோக்கினார். இவ்வளவையும் அவர் கைவில்லை ஒன்றைக் கொண்டே கண்டார்.

1895ஆம் ஆண்டில் அவர் பிரித்தானியச் செதிற்சிறகுப் பூச்சிகளுக்கு ஒரு கைந்நூல் வெளியிட்டார். பெரியனவும் சிறியனவுமாக ஏறத்தாழ 2,000 இனங்கள் அந்த ஒரே நூலில் அடங்கின. மாணவன் தன் கையிலுள்ள பூச்சியின் உறுப்புகளை ஒவ்வொன்றாக நோக்கிப் படிப்படியாக அதன் பெயரை அடையும் வண்ணம் அட்டவணைகளை அமைத்திருந்தார். அந்நூலில் பாகுபாடு என்பது பெயர்களின் அடுக்கன்று, வமிசவரலாறே என்னும் கொள்கையை அவர் வெளிப்படையாக மேற்கொண்டார். கூர்ப்புக் கொள்கையை அடியாகக் கொண்டு அவர் வகுத்த விதிகளுள் இரண்டை நினைவிற் கொள்க. புதிய உறுப்பெதுவும் வெறுமையிலிருந்து தோன்றாது. முன்பிருந்த ஓர் உறுப்பின் திரிபாகவே தோன்றும். முற்றாக இழக்கப்பட்ட உறுப்பு மீண்டும் வாராது.

இரண்டாவது விதி ஏட்டுச்சுவடிகளோடு பழகியவர்க்கு எளிதில் விளங்கும். ஓர் ஏட்டில் ஒரு செய்யுள் விடுபட்டிருப்பின், அவ்வேட்டைப் பார்த்தெழுதிய பிரதிகளிலும் அது விடுபட்டேயிருக்கும். அச்செய்யுளைக் கொண்டுள்ள பிரதி அவ்வேட்டின் வழிவந்ததாகாது. அவ்வாறே, ஒரு நரம்பை முற்றாக இழந்துவிட்ட பூச்சிக் குலம், அந்நரம்பையுடைய மற்றொரு குலத்துக்கு மூதாதையாதல் இயலாது. இவ்வளவில் நோக்கி, சிறகமைப்பிற் பழமை மாறாத மைக்குரொத்தெரிகிடே என்னும் சிறு பூச்சிகளை இவ்வருணத்தின் தொன்மையான கிளையெனக் கொண்டார். நீரோடைகளிற் கூடுகட்டி வாழும் புழுக்களையுடைய திரிக்கொத்தெரா என்னும் பூச்சிகளோடு இவ்வருணத்துக்கு நெருங்கிய உறவுண்டென்றுங் கொண்டார். அவ்வுறவு பிற்கால ஆராய்ச்சிகளாலும் உறுதிப்பட்டுள்ளது. எனினும் அன்று அந்நூலை அனைவரும் வரவேற்றாரல்லர். பழகிய பெயர்களும் பழகிய ஒழுங்கும் மாறியமை பூச்சி சேர்ப்பார் பலருக்குக் கசப்பாயிருந்தது. மெயிரிக் அதற்காகத் தம் ஒழுங்கை மாற்றவில்லை. 1928ஆம் ஆண்டில் அந்நூலைத் திருத்தி மீண்டும் வெளியிட்டார்.

1904ஆம் ஆண்டிலே இலண்டன் இராயல் சங்கம் அவரை உறுப்பினராகத் தெரிந்தெடுத்தது. இங்கிலாந்தின் தலைசிறந்த விஞ்ஞானிகள் வீற்றிருக்கும் அவையில், ஆராய்ச்சிகூடமோ சருவகலாசாலைப் பதவியோ இல்லாத மொழியாசிரியர் ஒருவர்க்கு இடங்கிடைத்தது. அக்காலத்திற் சிற்றந்துகளை ஆராய்ந்த மற்றொருவர் வால்சிங்கம் பிரபு. அவர் பெருஞ்செல்வர், பிறர் சேகரங்களை விலைக்கு வாங்கவும் உதவியாளரை அமர்த்தவும் வல்லவர். அவர் பிரித்தானிய நூதனசாலைக்கு அளித்த சேகரம் இரண்டரை இலட்சம் மாதிரிகளுக்கு மேற்பட்டது. அத்தகையோர் ஈடுபட்டிருந்த துறையில் மெயிரிக் ஆசிரியர் ஊதியத்தையும் மாலைப்பொழுதையும் முதலாக வைத்து நின்றார் என்பதை நாம் மறத்தலாகாது.

ஓய்வுபெறுதற்கு இரண்டாண்டு முன்னர், 1912ஆம் ஆண்டில், பிறநாட்டுச் சிற்றந்துகள் என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு வெளியீட்டைத் தாமே தொடங்கினார். அதனை 1937ஆம் ஆண்டுவரை சிறுசிறு பகுதிகளாக வெளியிட்டார். நான்கு தொகுதிகள் நிறைவெய்தின, ஐந்தாவது முற்றுப்பெறவில்லை. அதிற் படங்கள் இல்லை. ஒவ்வோர் இனத்துக்கும் சில வரிகளே உண்டு. சிறகின் அகலம், தலையின் நிறம், சிறகின் கோலம், கிடைத்த இடம், அனுப்பியவர் பெயர் என்பவற்றோடு குறிப்பு முடிந்துவிடும். அவர் தம் வாழ்நாளில் விஞ்ஞானத்துக்குப் புதியனவாகப் பெயரிட்டு விவரித்த இனங்கள் 14,000க்கு மேற்பட்டவை. அறுபதாண்டு உழைப்பாகப் பகுத்தாலும் வாரமொன்றுக்கு நான்கு இனங்களுக்கு மேலாகின்றது. இத்தனைக்கும் பெயர் வேண்டும். ஒரு சாதிக்குள் ஒரு பெயர் இருமுறை வரலாகாது. கிரேக்க மொழியின் வேர்களையும் விகுதிகளையும் கைவரப்பெற்றிருந்தமையால், பெயர்ப்பஞ்சம் அவருக்கு நேரவில்லை. மொழிப் புலமை இயற்கையாராய்ச்சிக்கு இவ்வளவு நேராகத் துணைசெய்த வேறோர் உதாரணத்தை நாம் எளிதிற் காணோம்.

உலகின் பல பகுதிகளிலிருந்தும் அஞ்சல்வழியே சிறு பெட்டிகள் மாள்பரோவுக்கு வந்துகொண்டேயிருந்தன. நம் இலங்கையும் அவற்றை அனுப்பிய நாடுகளுள் ஒன்று. பேராதனையில் அரசாங்கப் பூச்சியியலாளராக விளங்கிய ஏணெசுட்டு கிறீன் பூண்டுலோயாவிலும் பேராதனையிலும் சேர்த்த சிற்றந்துகளும், மசுக்கெலியா, புத்தளம் முதலிய இடங்களிற் பிறர் சேர்த்தவையும் அவரை அடைந்தன. இந்தியாவிலிருந்து பெயின்பிறிக் பிளெச்சர் பெருந்தொகையாக அனுப்பினார். இலங்கையின் இறகுச்சிறை அந்துக்களைப்பற்றி முன்னர் எழுதிய இவர், சென்னை மாகாணத்தின் அரசாங்கப் பூச்சியியலாளராயிருந்து பின்னர் பூசாவில் இந்திய அரசாங்கத்தின் தலைமைப் பூச்சியியலாளரானவர். இந்நாடுகளின் சிற்றந்துகளை மெயிரிக் 1905ஆம் ஆண்டு முதல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சஞ்சிகையிலே தொடராக விவரித்தார்.

அத்தொடரில் 1905ஆம் ஆண்டு பெயர்பெற்ற ஓர் அந்து தென்னைச் செய்கையாளர்க்கு நன்கு அறிமுகமானது. கருந்தலையையுடைய அதன் புழு தென்னோலையின் கீழ்ப்புறத்திற் பட்டிழையாலும் தன் எச்சத்தாலும் கூடமைத்து, அதனுள்ளிருந்து ஓலையின் பச்சையத்தைச் சுரண்டித் தின்னும். தாக்குண்ட ஓலை தீயிற் கருகியதுபோற் காய்ந்து தொங்கும். மெயிரிக் இதனை நெபாந்திசு செரினோப்பா என்றார். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் கமநூல்கள் பல ஆண்டுகளாக இப்பெயரையே வழங்கின. இதன் எதிரிகளான ஒட்டுண்ணிக் குளவிகளை வளர்த்துத் தோட்டங்களில் விடுவோரும் இப்பெயரையே எழுதினர். பின்னர் ஆராய்ந்தோர், பிரித்தானிய நூதனசாலையின் பட்டியல்களை எழுதிய வாக்கர் என்பார் 1864ஆம் ஆண்டிலேயே அவ்வினத்துக்கு ஒப்பிசினா அரெனொசெல்லா எனப் பெயரிட்டிருந்தமையைக் கண்டனர். முந்திய பெயருக்கே உரிமை என்பது விலங்கியற் பெயரீட்டின் விதி. ஆதலால் இன்று வாக்கர் இட்ட பெயரே வழங்குகின்றது.

பெயரில் என்ன இருக்கிறதென்று மாணவர் வினவலாம். பீடையொன்றை எந்தக் குளவி அழிக்கும், எந்தப் பருவத்தில் அது பெருகும், எந்த நாட்டிலிருந்து அது வந்தது என்னும் அறிவெல்லாம் பெயரின்கீழேதான் சேமிக்கப்படும். இரண்டு பூச்சிகள் ஒரே பெயரில் மயங்கினால், ஒன்றுக்குரிய மருந்து மற்றொன்றுக்கு வீணாகும். ஒரே பூச்சிக்கு இரண்டு பெயர் வழங்கினால், ஒரு நாட்டார் அறிந்ததை மற்றொரு நாட்டார் அறியார். பாகுபாடு பொழுதுபோக்கன்று, பிற உயிரியற் கலைகள் நிற்கும் அத்திவாரம் அதுவே.

இனி மெயிரிக்கின் பிடிவாதத்தைக் கூறுதல் வேண்டும். அவர் காலத்திலேயே பூச்சிகளை வேறுபிரித்தறிய ஒரு புதிய வழி திறந்தது. வெளித்தோற்றத்தில் ஒன்றேபோலுள்ள இரண்டு அந்துகளின் இனப்பெருக்க உறுப்புகளை நோக்கினால், அவை தெளிவாக வேறுபட்டிருத்தலைக் காணலாம். வயிற்றின் நுனியைப் பிரித்தெடுத்து, காரத்தில் ஊறவைத்துத் தூய்மையாக்கி, கண்ணாடித் தகட்டிற் பதித்து நுணுக்குக்காட்டியால் நோக்குதல் வேண்டும். லிவர்ப்பூலைச் சேர்ந்த பியேசு என்பவர் 1909ஆம் ஆண்டு முதல் பிரித்தானிய அந்துகளின் இவ்வுறுப்புகளைப்பற்றி நூல்கள் வெளியிட்டார். 1935ஆம் ஆண்டில் சிற்றந்துகளின் குடும்பங்களைப்பற்றியும் அத்தகைய நூலொன்று வந்தது. அமெரிக்க ஆராய்ச்சியாளரும் இவ்வழியையே பின்பற்றினர். மெயிரிக் இதனை ஏற்றாரல்லர். சிறகு நரம்பும் கைவில்லையுமே தமக்குப் போதுமென இறுதிவரை நின்றார்.

அதற்கு நியாயங் கற்பித்தல் கடினமன்று. எண்பது வயதை எட்டிய ஒருவர், ஓர் இலட்சம் மாதிரிகளைத் திரும்பவும் எடுத்து ஒவ்வொன்றின் வயிற்றையும் அறுத்துப் பார்க்கத் தொடங்கினால், தம் வேலையின் எவ்வளவு நிலைக்கும், எவ்வளவு குலையும் என்பதை யார் அறிவார்? எனினும் நியாயம் வேறு, விளைவு வேறு. அவர் ஒரே இனமெனக் கொண்டவை சில, பல இனங்களாயிருந்தன. பல இனங்களெனக் கொண்டவை சில, நிறத்தில் வேறுபட்ட ஓரினமாயிருந்தன. நெருங்கிய உறவில்லாதவை ஒரே சாதியில் அமர்ந்திருந்தன. படமில்லாத சில வரிகளைக் கொண்டு அவர் குறித்த பூச்சியை அறிய இயலாது பிறநாட்டு ஆராய்ச்சியாளர் தடுமாறினர். 14,000 பெயர்களும் அவருடைய பெட்டிகளைத் திறந்தாலன்றிப் பொருள்விளங்காதனவாயின.

மெயிரிக் 1938ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 31ஆந் தேதி மாள்பரோவிலுள்ள தம் இல்லத்தில், 83ஆம் வயதிற் காலமானார். ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட மாதிரிகளைக்கொண்ட அவருடைய சேகரம் இலண்டனிலுள்ள இயற்கை வரலாற்று நூதனசாலையை அடைந்தது. அங்கே அதனைத் திறந்தவர் கேற்சு கிளாக் என்னும் அமெரிக்கப் பூச்சியியலாளர். மெயிரிக் ஓர் இனத்தை விவரிக்கும்போது தம்முன் இருந்த பல மாதிரிகளுள் எது அப்பெயருக்கு அடிப்படை என்று பெரும்பாலும் குறித்துவைக்கவில்லை. கிளாக் அவற்றுள் ஒன்றைத் தெரிந்து அடிப்படை மாதிரியாக நிறுவி, அதன் சிறகைப் படம்பிடித்து, மெயிரிக் நோக்க மறுத்த உறுப்புகளையும் பதித்துப் படம்பிடித்தார். அவ்வாறு அமைந்த பட்டியல் 1955ஆம் ஆண்டு முதல் 1970ஆம் ஆண்டுவரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்தது. மெயிரிக்கின் பெயர்கள் அன்றுதான் உலகினர் யாவர்க்கும் பயன்படும் பெயர்களாயின.

திருத்தியவர் முன்னோரை இகழ்ந்தாரல்லர் என்பதைக் கவனித்தல் வேண்டும். கிளாக்கின் உழைப்பு முழுவதும் மெயிரிக்கின் உழைப்பின்மேல் நின்றது. பெட்டிகளிற் பூச்சிகள் ஒழுங்காகக் காப்பாற்றப்பட்டிராவிட்டால், கிடைத்த இடமும் அனுப்பியவர் பெயரும் எழுதப்பட்டிராவிட்டால், பின்வந்தோர் திருத்துதற்கு எதுவும் எஞ்சியிராது. தாம் நம்பாத சான்றையுங்கூட மெயிரிக் சிதையாமற் காத்து வைத்துச் சென்றார். நல்ல சேகரத்தின் இலக்கணம் இதுவே.

இதற்கு ஓர் உதாரணங் கூறுவோம். 1902ஆம் ஆண்டில் மெயிரிக் தோரிமேயா என்னும் சாதியை நிறுவினார். உருளைக்கிழங்கைக் குடையும் அந்து அச்சாதியைச் சேர்ந்தது. 1917ஆம் ஆண்டில், தென்னமெரிக்காவின் பெரு நாட்டு மலைநகரான உவாங்காயோவிலிருந்து வந்த ஒரு சிறிய சாம்பல்நிற அந்தை விவரித்து, தோரிமேயா அப்சொலூட்டா எனப் பெயரிட்டார். பெருநாட்டை அவர் கண்டதில்லை. அப்பூச்சி எதனைத் தின்னும் என்பதும் அவ்விவரணத்தில் இடம்பெறவில்லை. அவர் பெயரிட்ட பல்லாயிரம் பூச்சிகளுள் அதுவும் ஒன்றாய்க் கிடந்தது.

அப்பூச்சியே இன்று உலகின் தக்காளிச் செய்கையை அச்சுறுத்தும் பெரும் பீடைகளுள் ஒன்று. அதன் புழு இலையையும் தண்டையும் காயையும் குடையும். தென்னமெரிக்காவைக் கடந்து 2006ஆம் ஆண்டில் இசுப்பெயினிற் காணப்பட்டது. அங்கிருந்து மத்தியதரை நாடுகளிற் பரவி, 2014ஆம் ஆண்டில் இந்தியாவிலுங் காணப்பட்டது. இதற்கிடையில் ஆராய்ச்சியாளர் அதனை மெயிரிக் வைத்த சாதியினின்று எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக வேறு நான்கு சாதிகளில் வைத்தனர். கமக்காரர் அறிந்த டூட்டா என்னும் பெயர் அவற்றுள் இறுதியானது. பின்னர் 2021ஆம் ஆண்டில், அதனையும் உறவுடைய இனங்களையும் உறுப்புறுப்பாக ஒப்பிட்டு ஆராய்ந்த இருவர், அது தோரிமேயாச் சாதிக்கே உரியதென முடிவுசெய்தனர். மெயிரிக் ஏற்க மறுத்த இனப்பெருக்க உறுப்புகளும் அந்த ஒப்பீட்டில் அடங்கின. நூற்றுநான்கு ஆண்டுகளின் பின், அவர் ஒதுக்கிய சான்றும் சேர்ந்து அவர் வைத்த இடத்தையே காட்டியது. தென்னை அந்தில் அவர் பெயர் நிலைக்கவில்லை. தக்காளி அந்தில் அவர் தீர்ப்பு நிலைத்தது.

இவ்விரண்டையும் ஒருசேர வைத்தே மெயிரிக்கை மதிப்பிடல் தகும். அவர் கண் கூரியது. அவர் முறை பெரும்பாலும் நேரியது. அவர் உழைப்புக்கு ஒப்பில்லை. ஆயினும் புதிய சான்று வாயிலில் வந்து நின்றபோது கதவைத் திறந்தாரல்லர். அவர் விதியின்படி இழந்த உறுப்பு மீண்டும் வாராது. ஆனால் ஒருவர் தவறவிட்ட உண்மை அவ்வாறன்று; பின்வரும் ஒருவரால் அது மீண்டும் பெறப்படும். விஞ்ஞானம் தனியொருவரின் உடைமையாகாது தலைமுறைகளின் உடைமையாதற்குக் காரணம் இதுவே.

எம்போன்ற ஆசிரியர்க்கு அவர் வாழ்வு இரண்டு செய்திகளைத் தருகின்றது. பட்டமும் கூடமும் இல்லையென்று ஆராய்ச்சியைக் கைவிடுதல் வேண்டா. ஒரு கைவில்லையும் ஒழுங்கான குறிப்பேடும் அறுபதாண்டுப் பொறுமையும் ஒரு துறையையே தோற்றுவிக்கும். அதனோடு, நாம் கற்றுக்கொண்ட முறையே இறுதிமுறை என்று மாணவர்க்குக் கூறுதலும் வேண்டா. மாணவர்க்கோ செய்தி ஒன்றே. உங்கள் ஆசிரியர் விட்டுச்செல்லும் பெட்டிகளைத் திறவுங்கள். அவர் எழுதிய சீட்டுகளை மரியாதையோடு வாசியுங்கள். பின்னர் அவர் நோக்காத இடத்தை நோக்குங்கள். இன்றிரவு உங்கள் மேசைவிளக்கைச் சுற்றிவரும் சாம்பல்நிறச் சிறு பூச்சிக்கு மாள்பரோ ஆசிரியர் இட்ட பெயரொன்று இருத்தல் கூடும். அன்றி, இன்னும் எவரும் பெயரிடாததாகவும் இருத்தல் கூடும்.